எந்திரனின் ரிவிஷன் கட்டம்

(ஐயப்பன்தாங்கலில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



இந்தத் தலைப்பு நானாகத் தேடிப் பிடித்தது இல்லை. செயலாளர் தம்பி போன் பண்ணினார். "அண்ணே, போன வருஷம் சர்க்கரை வியாதி பற்றிப் பேச்சு. அதுக்கு முன் வருஷம் பென்ஷன் பற்றி. இந்தத் தடவை பிள்ளைகளும் நிறைய வர்றாங்க. சூப்பர் ஹீரோ படம், சினிமா, அந்த மாதிரி ஏதாவது பேசுங்களேன்" என்றார். எனக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்? ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறினால் போரூர், வளசரவாக்கம், வடபழனி, கோடம்பாக்கம் என்று ஸ்டூடியோக்களின் வாசல் வழியாகவே போகும். அந்த அளவுக்குத்தான் சம்பந்தம். என் பிழைப்பெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ட்ராயிங் ஆபீஸில் போனது. ஆகவே சினிமாவையும் ட்ராயிங் ஆபீஸ்காரன் பார்வையில்தான் பார்க்க முடியும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பிள்ளைகளுக்காக ஒரு விஷயம். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு இது தெரியும். எந்த இன்ஜினியரிங் ட்ராயிங்கை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். ரிவிஷன் கட்டம் என்போம். அந்தப் படத்தில் என்ன மாற்றம் நடந்தது, எந்தத் தேதியில், எதற்காக, யார் கையெழுத்து என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். ரிவிஷன் ஏ, பி, சி என்று போகும். ஒரு பாகத்தின் சரித்திரமே அந்தச் சின்னக் கட்டத்தில் இருக்கும். ட்ராயிங்கில் மாற்றம் வருவது யாருக்கும் அவமானம் இல்லை. நல்ல பாகம் எதுவும் முதல் ட்ராயிங்கோடு நின்றதில்லை. ஆனால் கட்டத்தில் எழுதாமல் மாற்றினால் மட்டும் வம்பு வரும்.

ஒரு உதாரணம். நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் ஒரு பிராக்கெட்டின் துளை 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆக மாறியது. ஒருவர் போனிலேயே சொல்லிவிட்டார், இன்னொருவர் காதிலேயே வாங்கிக்கொண்டார். மாற்றம் பேப்பருக்கு வரவில்லை. கீழே ஷாப்பில் பழைய அம்மோனியா பிரிண்ட் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு லாட் முழுக்க 10 மில்லிமீட்டர் துளை போட்டுத் தள்ளிவிட்டார்கள். அத்தனையும் ரிஜெக்ட். மாற்றம் நியாயமானதுதான். அதை எழுதி அடுத்தவர் கையில் கொடுக்காததுதான் நஷ்டம்.

இந்தக் கண்ணோடு இப்போது சினிமாவுக்கு வருவோம்.

சூப்பர் ஹீரோ என்றால் பிள்ளைகள் சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் என்பார்கள். நம் ஊரிலும் முயற்சிகள் உண்டு. 2009-இல் விக்ரம் நடித்த 'கந்தசாமி' வந்தது. 2012-இல் மிஷ்கின் இயக்கத்தில் ஜீவா முகமூடி போட்டுக்கொண்டு 'முகமூடி' வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் பட்டிதொட்டி எல்லாம் தெரிந்த, மனித சக்திக்கு மேற்பட்ட ஒரு பாத்திரம் என்றால் அது சிட்டிதான். 'எந்திரன்' படத்து ரோபோ. அவன் முகமூடி போடவில்லை, சட்டைக்கு மேல் ஜட்டி போடவில்லை. ஆனாலும் பறந்து வரும் ரயிலில் ஓடினான், நெருப்பில் புகுந்து ஆட்களைத் தூக்கி வந்தான். நம் பிள்ளைகளுக்கு அவன்தான் சூப்பர் ஹீரோ.

அந்தப் படம் 2010 அக்டோபர் 1-ஆம் தேதி வெளியானது. தியேட்டரில் விசில் அடித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். (பேராசிரியர் சிரிக்கிறார், அவரும் அடித்திருக்கிறார் போலிருக்கிறது.) ஆனால் அது பேச்சாக ஆரம்பித்தது எப்போது? கிட்டத்தட்ட பத்து வருஷம் முன்னால். அதன் ரிவிஷன் கட்டத்தை நான் எழுதிப் பார்த்தேன். வாசிக்கிறேன், கேளுங்கள்.

ரிவிஷன் ஏ. ஆண்டு 2001 வாக்கில். டைரக்டர் ஷங்கர் 'முதல்வன்' எடுத்து, அதையே இந்தியில் 'நாயக்' என்றும் எடுத்த சமயம். அடுத்த படத்தின் பெயர் 'ரோபோ'. கதாநாயகன் கமல்ஹாசன், கதாநாயகி ப்ரீத்தி ஜிந்தா. வேஷம் போட்டுப் படம் எடுத்துப் பார்ப்பது வரை நடந்தது. அப்புறம் தேதிகள் ஒத்துவரவில்லை, படம் நின்றது. ஷங்கர் 'பாய்ஸ்' எடுக்கப் போய்விட்டார். அது 2003-இல் வந்தது. பிறகு 2005-இல் 'அந்நியன்', 2007-இல் 'சிவாஜி'. இத்தனைக்கும் நடுவில் அந்த ரோபோ எங்கே இருந்தது? அலமாரியில். பேப்பராக.

ரிவிஷன் பி. ஆண்டு 2007. அதே கதை, ஊர் மாறுகிறது. இந்தி நடிகர் ஷாருக் கான் நடிப்பதாகவும் அவருடைய கம்பெனியே எடுப்பதாகவும் பேச்சு. அந்த வருஷம் அக்டோபரில் அதுவும் முறிந்தது. கதையைப் பற்றிய கருத்து வேற்றுமை என்று காரணம் சொன்னார்கள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகவில்லை, அவரவர் வழியில் போனார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷாருக் கான் பின்னால் 'ரா ஒன்' என்று தனியாக ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுத்து 2011-இல் வெளியிட்டார். அதில் ஒரு காட்சியில் சிட்டியாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனவர் யார் தெரியுமா? ரஜினிகாந்த்! தனக்குக் கிடைக்காத பாத்திரத்தையே தன் படத்துக்கு விருந்தாளியாக அழைத்தார். பெரிய மனது வேண்டும்.

ரிவிஷன் சி. 2008 ஜனவரி. ரஜினிகாந்த் ஒப்புக்கொள்கிறார். விஞ்ஞானி வசீகரனும் அவரே, சிட்டியும் அவரே. கதாநாயகி ஐஸ்வர்யா ராய் என்று மாறுகிறது. பெயரும் மாறுகிறது. 'ரோபோ' என்றிருந்தது தமிழில் 'எந்திரன்' ஆனது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழ்நாடு அரசு 2006-இல் அறிவித்திருந்த காலம் அது. தெலுங்கில் 'ரோபோ', இந்தியில் 'ரோபாட்' என்றே பெயர் வைத்தார்கள். ஒரே பாகத்துக்கு மூன்று பார்ட் நம்பர் மாதிரி.

ரிவிஷன் டி. இது மனசுக்குக் கஷ்டமான ரிவிஷன். 2008 பிப்ரவரி 27. எழுத்தாளர் சுஜாதா காலமானார். வயது 72.

இவரைப் பற்றி இந்தச் சபையில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நம் ஜாதி. இன்ஜினியர் ஜாதி. ரங்கராஜன் என்பது இயற்பெயர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். இன்றைக்கு நாம் ஓட்டுப் போடுகிறோமே, அந்த மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆபீஸ் வேலை முடித்து வந்து கதை எழுதினார். 1980-களிலேயே 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியைப் பேச வைத்து, படிக்க வைத்து, நம்மை அதற்காகக் கவலைப்பட வைத்தவர். 'இந்தியன்' தொடங்கி 'சிவாஜி' வரை ஷங்கரின் பல படங்களுக்கு வசனம் எழுதியவர். 'எந்திரன்' எழுத்திலும் அவர்தான் கூட இருந்தார். கதாநாயகன் இரண்டு முறை மாறினபோதும் மாறாமல் இருந்த ஆள் அவர். படப்பிடிப்பு சூடு பிடிக்கும் நேரத்தில் அவர் இல்லை.

இந்த இடத்தில் படம் நின்று போயிருக்கலாம். நிற்கவில்லை. ஏன்? அவர் செய்த வேலை பேப்பரில் இருந்தது. அதை எடுத்து மேலே கொண்டுபோக ஷங்கர் இருந்தார். கூடவே மதன் கார்க்கி வந்து சேர்ந்தார். கார்க்கி யார்? கவிஞர் வைரமுத்துவின் மகன் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது சரிதான். ஆனால் அவர் ஆஸ்திரேலியாவில் க்வீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டம் வாங்கி, கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுத்தவர். ஒரு எலெக்ட்ரானிக்ஸ்காரர் விட்ட இடத்தில் ஒரு கம்ப்யூட்டர்காரர் எடுக்கிறார். பாட்டும் எழுதினார், வசனத்துக்கும் கை கொடுத்தார்.

படம் வந்தபோது வசனம் என்ற இடத்தில் சுஜாதா பெயரும் இருந்தது, ஷங்கர் பெயரும் இருந்தது, கார்க்கி பெயரும் இருந்தது. இறந்து இரண்டரை வருஷம் ஆனவர்தானே என்று யாரும் பெயரை விடவில்லை. புதிதாக வந்த பையன்தானே என்றும் விடவில்லை. ரிவிஷன் கட்டத்தில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. இதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன்.

ரிவிஷன் ஈ. அதே 2008 கடைசி. உலகம் முழுக்கப் பணமுடை. அமெரிக்காவில் வங்கி கவிழ்ந்தால் கோடம்பாக்கத்தில் கேமரா நிற்குமா என்று கேட்காதீர்கள், நிற்கும். படத்தை எடுத்துக்கொண்டிருந்த ஐங்கரனும் ஈராஸும் விலகின. சன் பிக்சர்ஸ் கைக்குப் படம் போனது. பாதி கட்டின வீட்டை விற்பது மாதிரி. வாங்கினவர்கள் அஸ்திவாரத்தை இடிக்காமல் மேலே கட்டினார்கள். அன்றைக்கு இந்தியாவிலேயே அதிகச் செலவில் எடுத்த படம் என்று பேசப்பட்டது.

ரிவிஷன் எஃப். சிட்டியின் இயந்திர உடம்புக்கும் முகத்துக்கும் வேண்டிய வேலைக்காக அமெரிக்காவில் ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டூடியோவைப் பிடித்தார்கள். 'டெர்மினேட்டர்', 'ஜுராசிக் பார்க்' படங்களுக்குப் பொம்மை செய்த மகா கெட்டிக்காரர் வின்ஸ்டன். 2008 ஜூன் மாதம் அவரும் காலமானார்! ஆனால் அவரிடம் வேலை பழகியவர்கள் 'லெகசி எஃபெக்ட்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லெகசி என்றால் விட்டுச் சென்ற சொத்து. ஒரே வருஷத்தில் கதை எழுதினவரும் போனார், பொம்மை செய்யும் ஆசானும் போனார். இரண்டு பேருடைய வேலையும் நிற்கவில்லை, இரண்டு பேரும் தங்களுக்குப் பின்னால் வேலை தெரிந்த கைகளை விட்டுப் போயிருந்தார்கள்.

இந்தக் கட்டத்தை இப்போது மொத்தமாகப் பாருங்கள். கதாநாயகன் மூன்று பேர். கதாநாயகி மாற்றம். முதலாளி மாற்றம். தலைப்பு மாற்றம். வசனத்தில் கை மாற்றம். சாபு சிரிலின் கலைக்கும் ஸ்ரீனிவாஸ் மோகனின் சிறப்புக் காட்சிகளுக்கும் தேசிய விருது வந்தது. யாராவது தியேட்டரில் "இது ஒட்டுப் போட்ட படம்" என்று சொன்னோமா? ஒட்டே தெரியவில்லை.

காத்திருந்ததிலும் ஒரு லாபம் உண்டு. 2001-இல் எடுத்திருந்தால், நூறு சிட்டிகள் சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் மாறி வரும் அந்தக் கடைசிக் காட்சியை அன்றைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம். தாமதம் எல்லாம் நஷ்டக் கணக்கில் போவதில்லை.

வெளியூர்க்காரன் மட்டும் ஒழுங்காகச் செய்தானா என்றால், அங்கேயும் இதே கதைதான். சூப்பர்மேன் இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியை எடுத்தவர் ரிச்சர்ட் டானர். தயாரிப்பாளர்களோடு ஒத்துவரவில்லை. பாதியில் அவரை விலக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்து 1980-இல் வெளியிட்டார்கள். டானர் எடுத்த துண்டுகள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. 2006-இல் அவற்றைச் சேர்த்து, அவர் மனதில் இருந்த மாதிரி ஒரு பிரதி வெளிவந்தது. இருபத்தாறு வருஷம் கழித்து! 'ஆன்ட் மேன்' என்ற எறும்பு மனிதன் படத்தை எட்கர் ரைட் என்ற டைரக்டர் வருஷக்கணக்கில் செதுக்கினார். 2014-இல் விலகினார். பெய்டன் ரீட் எடுத்து 2015-இல் வந்தது. விலகின மனிதரின் பெயரும் கதை, திரைக்கதையில் இருந்தது. விலகுவது ஒன்று, பெயரை அழிப்பது வேறொன்று.

சரி, இப்போது படத்துக்கு உள்ளே வாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. அந்தக் கதையே ரிவிஷன் பற்றிய கதை! வசீகரன் பல வருஷம் உழைத்துச் சிட்டியைச் செய்கிறார். முதல் வடிவத்துக்கு உணர்ச்சி கிடையாது. தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கி வந்து எல்லோர் முன்னாலும் நிறுத்திவிடுகிறது. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். ஆகவே வசீகரன் உணர்ச்சியைச் சேர்க்கிறார். அது ஒரு ரிவிஷன். செய்தவர் யார், எதற்குச் செய்தார் என்று நமக்குத் தெரியும். அதன் விளைவுக்கும் அவர்தான் பொறுப்பு.

அப்புறம் என்ன நடக்கிறது? சிட்டி காதலில் விழுந்து ராணுவத்தின் முன்னால் உளறுகிறான். கோபத்தில் வசீகரன் அவனை உடைத்துக் குப்பையில் போடச் செய்கிறார். டாக்டர் போரா அதைப் பொறுக்கி எடுத்து, சிவப்புச் சிப் ஒன்றைச் சொருகுகிறார். டானி டென்சோங்பா நடித்த பாத்திரம். யாருக்கும் தெரியாமல், எதிலும் எழுதாமல், கையெழுத்தில்லாமல் செய்த ரிவிஷன் அது. ஊரே எரிகிறது. ட்ராயிங் ஆபீஸ்காரனாக எனக்கு அந்த வில்லத்தனம் நன்றாகப் புரிந்தது! கடைசியில் கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைக்கிறான். எந்தப் பாகம் எங்கே என்று அவனுக்கு மட்டும்தான் தெளிவாகத் தெரியும். அவனை 2030-இல் ஒரு மியூசியத்தில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பதாகப் படம் முடிகிறது.

அதன் அடுத்த பாகம் '2.0'. அதிலும் மாற்றத்துக்குப் பஞ்சமில்லை. வில்லன் வேஷத்துக்கு ஆர்னால்ட் ஸ்வார்செனேகரிடம் பேச்சு நடந்தது, பிறகு அக்‌ஷய் குமார் வந்தார். வசனத்தில் ஷங்கருடன் ஜெயமோகன் வந்தார். 2017 தீபாவளிக்கு வரும் என்றார்கள். பிறகு 2018 ஜனவரி என்றார்கள். கிராபிக்ஸ் வேலை முடியாமல் தள்ளித் தள்ளி, 2018 நவம்பர் 29-ஆம் தேதிதான் வந்தது.

இப்போது ஒரு கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்றம், தள்ளிவைப்பு என்று நாம் பேப்பரில் படிக்கிறோம். ஒரு படம் நின்றால் ஹீரோ அடுத்த படத்துக்குப் போவார். லைட்மேன் எங்கே போவார்? ஐயப்பன்தாங்கல், போரூர், வளசரவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் யூனிட் வண்டிக்காக ரோட்டோரம் நிற்பவர்கள் நம் அக்கம்பக்கத்துக்காரர்கள். அன்றைக்கு வேலை இருந்தால் பேட்டா, இல்லாவிட்டால் இல்லை. "படம் டிராப்" என்று செய்தி வந்தால் அவர்கள் வீட்டில்தான் அடுப்பு தடுமாறும்.

நம் ரோட்டிலேயே மேற்கே போனால், பூந்தமல்லி தாண்டிச் செம்பரம்பாக்கம் அருகே ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருக்கிறது. அங்கே 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு, 'இந்தியன் 2' படத்துக்காக வேலை நடந்தபோது கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்த மூன்று பேர். முதல் 'ரோபோ'வில் சேரவேண்டியிருந்த அதே ஷங்கர், அதே கமல்ஹாசன் சேர்ந்த படம்தான் அது. நின்று, தொடங்கி, மறுபடி நின்று, 2024-இல் வெளியானது. படம் நன்றாக இருந்ததா இல்லையா என்று ஊர் பேசியது. அந்த மூன்று பேரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மாற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கும்போது, போஸ்டரில் இல்லாத பெயர்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சினிமா பேச்சு முடிந்தது. இனி நம் வீட்டுப் பேச்சு. செயலாளர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் சங்கம் வருஷா வருஷம் சில பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் அது கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் அதை ஒரே நண்பர் கவனித்துக்கொண்டார். உங்களுக்கெல்லாம் யாரென்று தெரியும். யாரிடம் பணம் வாங்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்கு எத்தனை வருஷம் வாக்குக் கொடுத்திருக்கிறோம், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தங்கமான மனிதர். போன வருஷம் நம்மை விட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் பிள்ளை சங்கத்துக்குப் போன் பண்ணியது. "ஐயா, மூன்றாம் வருஷப் பீஸ் கட்டுறதா சார் சொல்லியிருந்தாங்க. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை" என்றது. சங்கத்தில் யாருக்கும் அந்தப் பிள்ளையின் பெயரே தெரியாது. நல்லவேளை, நாலு பேர் கையில் இருந்ததைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் எனக்குத் தூக்கம் வராத கேள்வி வேறு. போன் பண்ணத் துணிந்த பிள்ளை ஒன்று. போன் பண்ணக் கூச்சப்பட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன பிள்ளை வேறு ஒன்று இருந்திருந்தால்? அது நமக்கு எப்படித் தெரியும்? எந்தப் பேப்பரிலும் இல்லையே!

அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. அவரிடம் "எழுதிக் கொடுங்கள், கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சங்கம் கேட்டதே கிடையாது. நல்லவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். அந்த நல்லவருக்கும் வயதாகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

எனக்கு மூன்று வேண்டுகோள். இன்று பொதுக்குழுவில் இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று. கல்வி உதவிக்கு ஒரு பதிவேடு. பிள்ளையின் பெயர், வருஷம், கொடுத்த வாக்கு, பணம் தருபவர், தேதி, கையெழுத்து. மாற்றம் வந்தால் பழையதை அழிக்காமல் கீழே புது வரி. நம் ரிவிஷன் கட்டம்தான் அது. நோட்டாக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டரில் இருந்தாலும் சரி. ஒருவர் வீட்டுப் பீரோவில் மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டு. சங்கத்தின் ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர். ஒருவர் எங்களைப் போல நரைத்தவர், ஒருவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர். நரைத்தவருக்கு யாரைக் கேட்டால் பணம் வரும் என்று தெரியும். இளையவருக்கு அதை எப்படி எழுதி வைப்பது என்று தெரியும். இரண்டும் வேண்டும்.

மூன்று. பொறுப்பை விட்டு விலகுகிறவரின் பெயரை மலரிலிருந்து எடுத்துவிடக் கூடாது. அவர் செய்தது இன்னது என்று ஒரு வரியாவது இருக்கட்டும். "நாளைக்கு நம் பெயரையும் விடமாட்டார்கள்" என்று தெரிந்தால்தான் எவனும் நாற்காலியை நிம்மதியாக விடுவான். நம்மில் சிலர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஆசை காரணம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் பயம்தான் காரணம், தம்பிகளே. மறந்துவிடுவார்களோ என்ற பயம்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் இடித்துவிட்டு முதலிலிருந்து கட்ட ஆசைப்படுவீர்கள். பழைய பேப்பரை ஒரு தரம் படித்துவிட்டு இடியுங்கள். சுஜாதா விட்டுப்போன எழுத்தைக் கார்க்கி தூக்கிப் போடவில்லை, அதன் மேல்தான் தன் வரியை எழுதினார்.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். தாங்கல் என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் சிறு ஏரி. வயலுக்குப் பாய்ச்ச நம் முன்னோர் கட்டி வைத்தது. இன்றைக்கு வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி, டிப்போவுக்கு மேலே மெட்ரோ பாலம். எத்தனையோ ரிவிஷன் நடந்துவிட்டது. ஆனால் பெயரைச் சொல்லும்போதெல்லாம், யாரோ சிலர் அடுத்தவருக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள் என்ற தகவல் அதில் இருக்கிறது. பெயர் எழுதிவைக்காத மனிதர்கள் செய்த வேலை அது. நமக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறது இந்தக் கல்லூரி. நாம் எழுதி வைப்போம்.

அந்தப் பெண் பிள்ளைக்கு நாலாம் வருஷம் வரப்போகிறது. யார் கட்டப்போகிறோம் என்று இன்று மாலைக்குள் ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். முதல் கையெழுத்து என்னுடையது. பந்திக்குப் போகிற வழியில் வாசலில் மேஜை போட்டு நோட்டு வைத்திருக்கிறார்கள், பேனாவும் இருக்கிறது.